வாங்கிக்கொள்வதும் மறுப்பதும்: காதலில் பரிசு செய்யும் வேலை

காதல் பரிசைப் பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி கொடுப்பவரின் பக்கம் நின்றே எழுதப்படுகிறது. என்ன வாங்குவது, எவ்வளவு செலவழிப்பது, எந்த நேரத்தில் நீட்டினால் முகம் மலரும் என்பவைதான் கேள்விகள். கடைக்காரருக்கு அந்தப் பக்கம்தான் வேண்டும், பணம் அங்கேதானே இருக்கிறது. எதிரே இருப்பவர் அதை வாங்கும்போது எதற்கு ஒப்புக்கொள்கிறார், தள்ளும்போது எதைத் தள்ளுகிறார் என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. சங்க அகப்பாடல்களுக்குத் துறை வகுத்தவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கூர்மையானவர்கள்.

தலைவன், பெண்கள் இடையில் உடுத்தும் தழையும் பூவும் கொண்டுவந்து தோழியிடம் நீட்டுவான். அதற்குக் கையுறை என்று பெயர். தோழி எடுத்த எடுப்பில் வாங்கிவிடுவதில்லை. அவள் மறுப்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. திப்புத்தோளார் பாடிய குறுந்தொகையின் முதல் பாட்டு அந்தத் துறையைச் சேர்ந்தது. தலைவன் காந்தள் பூவோடு வந்து நிற்கிறான். முருகனுடைய இந்தக் குன்றத்திலேயே காந்தள் குலைகுலையாகப் பூத்திருக்கிறதே என்கிறாள் தோழி. வேண்டாம் என்ற சொல் பாட்டில் இல்லை, கோபமும் இல்லை. ஆனால் அவன் கொண்டுவந்ததில் அவர்களிடம் இல்லாதது எதுவும் இல்லை என்பது அவனுக்குப் புரிந்துவிடும். ஒரு பெரும் இலக்கியத் தொகை ஒரு பரிசைத் திருப்பி அனுப்புவதில் தொடங்குகிறது என்பதை நாம் போதிய அளவு கவனித்ததில்லை என்று நினைக்கிறேன்.

வாங்கிய பிறகும் சிக்கல் தீர்வதில்லை. நற்றிணையில் கபிலர் பாட்டொன்றில் தழை கைக்கு வந்துவிட்டது. உடுத்தினால் தாய்க்கு என்ன பதில் சொல்வது என்ற பயம். திருப்பிக் கொடுத்தால் அவன் நொந்துபோவானே என்ற பயம். நடுவில் கிடந்து தழை வாடிப்போகுமோ என்ற கவலை வேறு. வருடை என்னும் மலையாடுகூடப் பாயாத, அணங்கு உறையும் சரிவில் பறித்த தழை அது. சந்தையில் அதற்கு விலையில்லை. பறித்தவன் உயிரைப் பணயம் வைத்திருக்கிறான். இந்தக் கணக்கைப் பின்னால் பொருளியல்காரர்களும் உயிரியல்காரர்களும் போடுவார்கள்.

கலித்தொகையின் முல்லைக்கலியில் சிக்கல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆயர்மகன் கொடுத்த முல்லைச் சரத்தைப் பெண் கூந்தலுக்குள் மறைத்துவைத்திருக்கிறாள். வெண்ணெய் பூசக் கூந்தலை விரிக்கும்போது, தந்தையும் வீட்டில் இருக்கும் நேரத்தில், பூ தாயின் முன் விழுந்துவிடுகிறது. தாய் கேட்கவில்லை, சினக்கவும் இல்லை. நெருப்பைத் தொட்டவள்போலக் கையை உதறிக்கொண்டு வெளியே போகிறாள். அந்த வீட்டில் யாரும் பூவின் அழகையோ விலையையோ பார்க்கவில்லை. இந்தப் பெண் ஒருவனிடமிருந்து ஒன்றை வாங்கியிருக்கிறாள், அதுதான் செய்தி. அவனுக்கே அவளைக் கொடுப்பது என்று குடும்பம் முடிவெடுக்கிறது.

இந்த மூன்று பாட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. காதலில் பரிசு என்பது கேட்கத் தயங்கும் கேள்வியைப் பொருளின் மேல் ஏற்றி அனுப்புவது. கேட்டவன் கொடுப்பவன், பதில் சொல்லும் உரிமை வாங்குபவளிடம். அந்தப் பதில் எப்படி வேண்டுமானாலும் வரலாம் என்று இருக்கும்வரைதான் பரிசு பரிசாக இருக்கிறது. மறுக்கும் வழி அடைபட்ட இடத்தில் அதே பொருள் விலையாகவோ கடனாகவோ மாறிவிடுகிறது.

விலையாக மாறும் இடத்தைச் சிலப்பதிகாரம் பச்சையாகக் காட்டுகிறது. மாதவியின் மாலைக்கு 1008 கழஞ்சு பொன் விலை. கூனி அதை நம்பியர் திரியும் மறுகில் கொண்டுபோய் நிறுத்துகிறாள். வாங்குபவன் மாதவிக்குக் கொழுநன். கோவலன் வாங்கினான். பின்னால் அவர்களிடையே வளர்ந்தது காதல்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் தொடக்கத்தில் மாதவியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதே காப்பியத்தில் கோவலன் வெறுங்கையோடு திரும்பி வந்து, பரம்பரைப் பொருளெல்லாம் தொலைத்தேன் என்று வெட்கப்படும்போது, சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள் கண்ணகி. மாதவிக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் வருந்துகிறான் என்று நினைத்தே அவள் அப்படிச் சொன்னாள் என்று பொருள் கொள்வோர் உண்டு. அப்படிக் கொண்டால் இது பரிசின் எல்லைக்கு அப்பால் போய்விட்ட கொடை. இதற்குக் கைமாறாக எதைத் திருப்பித் தரமுடியும்?

கைமாறு என்ற இடத்திலிருந்துதான் நவீன ஆய்வு தொடங்குகிறது. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் இந்தத் துறையின் வாசல்படி. கொடுக்க வேண்டிய கட்டாயம், பெற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம், திருப்பித் தரவேண்டிய கட்டாயம் என்று மூன்றும் சேர்ந்ததே பரிசு என்றார் அவர். எதையும் எதிர்பாராத தூய பரிசு என்று ஒன்று இல்லை. பெற மறுப்பது போர் தொடுப்பதற்குச் சமம் என்றும் எழுதினார். குலங்களுக்கும் தலைவர்களுக்கும் இடையே நடக்கும் பரிமாற்றத்தை வைத்துப் பார்த்தால் அது சரியாக இருக்கலாம். குறுந்தொகைத் தோழியை மோஸ் சந்தித்திருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறியிருப்பார். அவளுடைய மறுப்பில் போர் இல்லை. பேச்சை நீட்டிக்கிறாள், அவனை அளந்து பார்க்கிறாள், பூவோடு நிற்காமல் மணம்பேச வா என்று குறிப்பால் சொல்வதாகவும் கொள்ளலாம்.

மோஸுக்குச் சான்று கொடுத்தவர்களில் முக்கியமானவர் புரோனிஸ்லாவ் மலினோவ்ஸ்கி. முதல் உலகப் போர்க் காலத்தில் பசிபிக்கின் டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்தவர். கணவன் மனைவிக்கு அவ்வப்போது கொடுக்கும் பொருள்களைத் தூய பரிசு என்று 1922இல் வகைப்படுத்தினார். மோஸ் மடக்கினார்: அவை தொடர்ந்து கொடுக்கப்படுகின்றன, உறவில் மனைவி தருவதற்குப் பதிலாகக் கொடுக்கப்படுகின்றன, பிறகு தூய பரிசு எங்கே இருக்கிறது? 1926இல் மலினோவ்ஸ்கி தன் வகைப்பாட்டைத் திருத்திக்கொண்டார். அதே தீவுகளில் காதலன் காதலிக்குச் சின்னச் சின்னப் பொருள் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும்: பாக்கு, புகையிலைத் துண்டு, ஆமையோட்டு மோதிரம். இன்பம் இருவருக்கும் பொது என்றால் ஆண் மட்டும் ஏன் கொடுக்கவேண்டும் என்று மலினோவ்ஸ்கி கேட்டுப் பார்த்தார். அங்கிருந்தவர்களுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. வழக்கம் அப்படித்தான்.

உயிரியல்காரர்கள் அந்தக் கேள்விக்குத் தங்களிடம் பதில் இருப்பதாகச் சொல்வார்கள். ஹைலோபிட்டாகஸ் என்ற பூச்சியில் ஆண் இரை ஒன்றைப் பிடித்துப் பெண்ணிடம் நீட்டும். இரை சிறியதாக இருந்தால் பெண் பாதியிலேயே விலகிவிடும் என்று 1976இல் ராண்டி தார்ன்ஹில் காட்டினார். ஐரோப்பாவில் வாழும் பிசௌரா மிராபிலிஸ் என்ற சிலந்தியில் ஆண் இரையைப் பட்டிழையில் பொதிந்து கொடுக்கும். சில ஆண்கள் சாப்பிட்டு முடித்த சக்கையையோ செடித் துணுக்கையோ பொதிந்து கொடுத்து ஏமாற்றுவதும் உண்டு. பெண் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்தால் கூடும் நேரம் குறைந்துவிடுகிறது. படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கிருந்து நேராக மனிதர்களுக்குத் தாவி, பெண் எப்போதும் வளம் பார்ப்பவள், ஆண் எப்போதும் வளம் காட்டுபவன் என்று முடிவுகட்டும் எழுத்தை நான் நம்புவதில்லை. மாலையோடு மறுகில் நின்றது மாதவியின் ஆள். சிலம்பை நீட்டியது கண்ணகி.

பொருளியல்காரர்கள் வேறு விதமாகக் குழப்புகிறார்கள். ஜோயல் வால்ட்ஃபோகல் 1993இல் எழுதிய கட்டுரை கிறிஸ்துமஸ் பரிசுகளை எடுத்துக்கொண்டது. கொடுத்தவர் செலவழித்த தொகையையும், பெற்றவர் அந்தப் பொருளுக்கு மதிப்பிடும் தொகையையும் ஒப்பிட்டார். பரிசின் மதிப்பில் 10 சதவீதத்திலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை வீணாகிறது என்பது அவர் கணக்கு. பணமாகவே கொடுத்திருந்தால் இந்த இழப்பு இல்லை. தூரத்து உறவினர் வாங்கித் தந்தவை அதிகம் வீணாயின, நண்பர்களும் காதலர்களும் வாங்கித் தந்தவை குறைவாக வீணாயின. மாமா எடுத்துக் கொடுத்த சட்டை அலமாரியில் கிடப்பதற்குப் புள்ளிவிவரம் தேவையில்லைதான். இருந்தாலும் காதலரின் பரிசில் இழப்பு குறைவு என்பது கவனிக்கத்தக்கது. மற்றவர் மனதை ஊன்றிப் படித்தவரால்தான் அப்படி வாங்கமுடியும்.

வீணாகும் அந்தப் பங்குதான் விஷயமே என்பது எதிர்வாதம். காலின் கேமரர் 1988லேயே, பரிசு திறனற்ற பரிமாற்றமாக இருப்பதற்குக் காரணம் உண்டு, அது கொடுப்பவரின் உள்நோக்கத்துக்கு அடையாளம் என்று எழுதியிருந்தார். 2005இல் சோசூவும் சீமரும் இதைக் கணித மாதிரியாக்கினார்கள். ஆண் நகை கொடுத்தால், ஈடுபாடில்லாத பெண்கூட அதை வாங்கிக்கொண்டு போய்விடலாம். பெண்ணுக்குத் திரும்ப விற்று லாபம் பார்க்கமுடியாத, ஆனால் அவனுக்குச் செலவு வைத்த பரிசு என்றால், அவளுக்கும் அவனிடம் ஆர்வம் இருந்தால்தான் அதில் பொருளுண்டு. விலையுயர்ந்த விருந்து, நாடகச் சீட்டு, வாடிப்போகும் பூ ஆகியவை இந்த வகை. செலவு அதிகம், மிச்சம் எதுவுமில்லை. கபிலரின் தழையும் அப்படித்தான்: பறிப்பது அருமை, ஆயுளோ சில நாழிகை. குறிஞ்சிநிலக் காதலன் பொன்னைக் கொண்டுவராமல் தழையைக் கொண்டுவந்ததற்கு வறுமை மட்டும் காரணமாக இருக்கவேண்டியதில்லை.

உளவியல் ஆய்வுகள் கொஞ்சம் தாமதமாகவே வாங்குபவர் பக்கம் வந்தன. வந்தபோது கிடைத்தவை எல்லாம் கொடுப்பவரின் கற்பனையைக் கலைப்பவை. ஃபிளினும் ஆடம்ஸும் 2009இல் நிச்சயதார்த்த மோதிரம் கொடுத்தவர்களையும் பெற்றவர்களையும் கேட்டார்கள். விலை கூடக் கூட மகிழ்ச்சி கூடும் என்று கொடுத்தவர்கள் நம்பினார்கள். பெற்றவர்களின் மகிழ்ச்சிக்கும் விலைக்கும் அப்படியொரு தொடர்பு தெரியவில்லை. ஜீனோவும் ஃபிளினும் 2011இல் இன்னொன்றைச் சொன்னார்கள். கேட்டதை வாங்கிக் கொடுப்பதைவிட, யோசித்து வேறு ஏதாவது கொடுத்தால் அக்கறை அதிகம் தெரியும் என்று கொடுப்பவர் நினைக்கிறார், பெறுபவருக்கோ கேட்டது கிடைப்பதில்தான் அதிக நிறைவு. கலாக், கிவி, வில்லியம்ஸ் மூவரும் 2016இல் இந்த முரண்களுக்கெல்லாம் ஒரே காரணம் சொன்னார்கள்: கொடுப்பவர் பொதியைப் பிரிக்கும் அந்த நொடியைப் பார்க்கிறார், பெறுபவர் அதற்குப் பிறகு அந்தப் பொருளோடு வாழும் நாள்களைப் பார்க்கிறார். பொருளைவிட அனுபவத்தைப் பரிசளிப்பது உறவை நெருக்கமாக்குகிறது என்று சானும் மோகில்னரும் 2017இல் காட்டியதும் இதோடு சேரும்.

பிடிக்காத பரிசு உறவை என்ன செய்கிறது? எலிசபெத் டன்னும் உடனாய்வாளர்களும் 2008இல் காதலர்களை அழைத்துச் சோதித்தார்கள். நல்லதென்றும் மோசமென்றும் முன்பே அறிந்த பரிசுகளைத் துணை தேர்ந்தெடுத்ததாகக் காட்டிக் கொடுத்தார்கள். மோசமான பரிசு பெற்ற ஆண்கள், நமக்குள் ஒத்துப்போவது குறைவு, இது நெடுநாள் ஓடாது என்ற பக்கம் சாய்ந்தார்கள். பெண்கள் அப்படிச் சாயவில்லை. உறவுக்கு அடி விழுகிறது என்று தெரிந்ததும் அதைத் தாங்கிப் பிடிக்கும் விதமாகப் பதில் சொன்னார்கள். இதைப் பெண்மையின் இயல்பு என்று புகழ்வதற்கு முன் யோசிக்கவேண்டும். பிடிக்கவில்லை என்று சொல்ல வாய்ப்பு குறைவாக உள்ளவர்கள், பிடித்திருப்பதாகத் தங்களையே நம்பவைத்துக்கொள்ளப் பழகியிருக்கலாம். நம் வீடுகளில் கணவர் எடுத்துவந்த புடவையின் நிறத்தைப் பற்றி நடக்கும் பேச்சைக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்தவை என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். வீட்டுக்குத் தெரியாமல் காதலிக்கவேண்டிய ஊர்களைப் பற்றி அவை அதிகம் சொல்லமாட்டா. பெல்க்கும் கூனும் 1993இல் மாணவர்களிடம் நீண்ட உரையாடல் நடத்தி எழுதிய கட்டுரை மட்டும் எனக்கு நெருக்கமாகப் படுகிறது. பழகத் தொடங்கும்போது பரிசில் கணக்கு இருக்கிறது, காதல் ஆழமாகும்போது கணக்கில்லாத கொடை தலைதூக்குகிறது, பரிமாற்றம் என்ற ஒரே கண்ணாடியால் இதைப் பார்த்தால் பாதிதான் தெரியும் என்றார்கள். கேரி சாப்மன் 1992இல் எழுதிய காதலின் ஐந்து மொழிகள் என்ற நூலில் பரிசு ஒரு மொழி. அந்த நூல் உலகெங்கும் விற்றது. ஒவ்வொருவருக்கும் முதன்மையான ஒரு மொழி உண்டு, துணை அதே மொழியில் பேசினால் உறவு செழிக்கும் என்ற அதன் அடிப்படைக்குச் சான்று வலுவாக இல்லை என்று எமிலி இம்பெட் குழுவினர் 2024இல் எடுத்துக்காட்டினார்கள். அதற்குப் பிறகும் நூல் விற்கிறது.

விலையைவிட வகை முக்கியம் என்பதற்கு உடையைப் போன்ற எடுத்துக்காட்டு வேறில்லை. அமெரிக்காவில் நடத்தை நெறிகளுக்கு அதிகாரியாகக் கருதப்பட்ட எமிலி போஸ்ட் 1922இல் வகுத்த விதி ஒன்று: நிச்சயமான ஆண் தன் பெண்ணுக்கு வசதிக்கேற்ப எத்தனை நகை வேண்டுமானாலும் தரலாம், கழுத்தில் போட்டுக்கொள்ளும் ரோமத் துண்டு தரலாம், ரோமக் கோட்டு மட்டும் தரக்கூடாது. துண்டு அலங்காரம், கோட்டு உடை. மணமாகாத பெண்ணுக்கு உடை எடுத்துத் தருபவன் அவளைப் பராமரிக்கிறான் என்று ஆகிவிடும், அது வேறு வகைப் பெண்களுக்கு உரியது என்பது அவர் வாதம். கோட்டின் விலையை விட வைரத்தின் விலை கூடுதல் என்பது அங்கே பொருட்டே இல்லை.

அப்படியே இந்தப் பக்கம் வந்தால், சங்கக் காதலனின் முதன்மையான பரிசே உடைதான், இடையில் உடுத்தும் தழை. கேரளத்து நாயர் சமூகத்தில் சம்பந்தம் என்ற உறவு ஆண் பெண்ணுக்குப் புடவை கொடுப்பதில் தொடங்கியது. அவள் வாங்கிக்கொண்டால் உறவு உண்டாயிற்று. அந்த உறவை முறித்துக்கொள்ளும் வழியும் பெண்ணுக்குத் திறந்தே இருந்தது. தமிழ்த் திருமணத்தில் கூறைப்புடவை மாப்பிள்ளை வீட்டிலிருந்து வருவதும் இதே இழையில்தான் சேர்கிறது. எமிலி போஸ்ட் பயந்ததும் நம் முன்னோர் விரும்பியதும் ஒரே காரணத்துக்காக: உடலைத் தொடும் பரிசு உரிமை கோருகிறது. இன்றும் அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர் பேனாவோ புத்தகமோ கொடுத்தால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. புடவையோ கொலுசோ கொடுத்தால் மதிய உணவு நேரத்துக்குள் செய்தி மூன்று மாடிக்கும் போய்விடும். கைக்குட்டை கொடுத்தால் பிரிவு வரும் என்று சொல்வார்கள். அதற்கு யாரும் காரணம் சொல்லி நான் கேட்டதில்லை.

நகைக்கு வருவோம். வைர மோதிரம் இல்லாமல் அமெரிக்கத் திருமணம் இல்லை என்ற நிலையை உண்டாக்கியது டி பியர்ஸ் நிறுவனத்தின் விளம்பரம் என்பது எல்லோரும் சொல்லும் கதை. வைரம் நிலையானது என்ற பொருள்படும் அந்தப் புகழ்பெற்ற வாசகத்தை 1947இல் எழுதியவர் பிரான்சிஸ் ஜெரட்டி என்ற விளம்பர எழுத்தாளர். ஜப்பானில் 1967இல் நிச்சயமான பெண்களில் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களே வைர மோதிரம் அணிந்தார்கள், 1981இல் அது 60 சதவீதம் ஆனது. விளம்பரத்தின் வலிமைக்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் மார்கரெட் பிரினிக் என்ற சட்ட அறிஞர் 1990இல் கதையின் இன்னொரு பாதியைச் சொன்னார். மணப்பதாக வாக்களித்து ஏமாற்றியவன்மேல் வழக்குப்போட அமெரிக்கப் பெண்களுக்கு உரிமை இருந்தது. 1935 முதல் பல மாநிலங்கள் ஒவ்வொன்றாக அந்த உரிமையை ஒழித்தன. வைரத்தின் தேவை ஏறத் தொடங்கியதும் அப்போதுதான், விளம்பரம் சூடுபிடிப்பதற்கு முன்பே. நீதிமன்றம் கைவிட்ட இடத்தில் மோதிரம் பிணையாக வந்து உட்கார்ந்தது. அவன் ஓடிப்போனால் கல்லாவது அவள் கையில் இருக்கும்.

பிணை பெரிதானால் உறவு உறுதியாகுமா? பிரான்சிஸ், மியாலன் என்ற இரு பொருளியல்காரர்கள் மணமான 3000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களிடம் கேட்டு 2015இல் வெளியிட்ட ஆய்வில், 2000 முதல் 4000 டாலர்வரை மோதிரத்துக்குச் செலவழித்த ஆண்களுக்கு மணமுறிவு வாய்ப்பு, 500 முதல் 2000 டாலர் செலவழித்தவர்களைவிட 1.3 மடங்காக இருந்தது. மோதிரம்தான் பிரித்தது என்று இதற்குப் பொருளில்லை, கடன் பிரித்திருக்கலாம். நகைக்கடை விளம்பரத்தில் இந்த எண் வராது என்பது மட்டும் நிச்சயம்.

கல் யாருடையது என்ற சண்டையும் தொடர்கிறது. மணம் நடக்கும் என்ற நிபந்தனையின்பேரில் தந்த பரிசு அது, நடக்காவிட்டால் திரும்பவேண்டும் என்பது பல அமெரிக்க மாநிலங்களின் நிலை. தவறு யார் மேல் என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவந்த மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம், 70,000 டாலர் மோதிரம் பற்றிய வழக்கில் 2024 நவம்பரில் அந்த வழக்கத்தைக் கைவிட்டது. யார் மேல் தவறு என்ற ஆராய்ச்சி வேண்டாம், மணம் நடக்கவில்லை என்றால் மோதிரம் கொடுத்தவருக்கே. நிச்சயதார்த்தம் என்பதே ஒத்துப்போகுமா என்று பார்க்கும் காலம்தானே, பார்த்துவிட்டு விலகுவதை எப்படிக் குற்றம் என்பது என்ற நியாயம் அதில் இருக்கிறது.

இந்தியச் சட்டம் இதே முடிச்சை வேறு பக்கத்திலிருந்து அவிழ்க்கப் பார்க்கிறது. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டத்தின்படி, யாரும் கேட்காமல் திருமணத்தின்போது கொடுக்கப்பட்டவை பரிசு, குற்றமில்லை. அவற்றைப் பட்டியல் எழுதி வைக்கவேண்டும் என்று 1985இல் விதிகளும் வந்தன. எத்தனை வீட்டில் அந்தப் பட்டியல் இருக்கிறது என்று வாசகர்களே சொல்லலாம். கேட்காமலே எதிர்பார்ப்பதும், எதிர்பார்ப்பை அறிந்து கேட்காமலே கொடுப்பதும் கைவந்த சமூகத்தில் இந்த வரையறை என்ன செய்யும்? காதலித்து மணந்தவர்கள்கூட, இருவருக்கும் இடையே கொடுத்துவாங்கியதை மறந்துவிட்டு, சீர்வரிசை என்ற பேச்சு வந்ததும் இரு வீட்டாரின் பிரதிநிதிகளாக மாறிவிடுவதைப் பார்க்கிறோம்.

கொடுப்பதைக் கட்டாயமாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் நல்ல களம். காதலர் தினமான பிப்ரவரி 14 அன்று அங்கே பெண்கள்தான் ஆண்களுக்குச் சாக்லேட் தருவது வழக்கம். மனதுக்குப் பிடித்தவனுக்கு ஒரு வகை, அலுவலகத்து மேலாளருக்கும் சக ஊழியர்களுக்கும் கடமைக்கு இன்னொரு வகை. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. மிட்டாய்த் தொழிலினர் மார்ச் 14ஐ ஆண்கள் பதில் செய்யும் நாளாக 1980 முதல் நடத்திவருகிறார்கள். வாங்கியதற்கு மும்மடங்கு திருப்பித் தரவேண்டும் என்ற பேச்சும் உண்டு. மோஸின் மூன்று கட்டாயங்களையும் இவ்வளவு ஒழுங்காக நாள்காட்டியில் அச்சடித்தவர்கள் வேறு யாருமில்லை. 2018 பிப்ரவரி முதல் தேதி கோடைவா சாக்லேட் நிறுவனமே, கடமைச் சாக்லேட்டை நிறுத்துவோம் என்று நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. பெண்களுக்கு அந்த நாள் சுமையாகிவிட்டது என்பது சாக்லேட் விற்பவர்களுக்கே தெரிந்துவிட்டது.

நமக்குக் காதலர் தினம் ஓசூர் வழியாகத் தெரியும். கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பசுமைக்குடில்களில் விளையும் சிவப்பு ரோஜா பிப்ரவரிக்கென்றே நாள் கணக்கிட்டுக் கவாத்து செய்யப்பட்டு வெளிநாடுகளுக்கும் பெங்களூருச் சந்தைக்கும் போகிறது. விவசாயிக்கு அது காதலைவிட முகூர்த்தத்தோடு போட்டிபோடும் ஒரு பருவம். விலை ஏறினால் மகிழ்ச்சி, பனியோ நோயோ வந்தால் போயிற்று.

ஆனால் நம் ஊர்களின் உண்மையான காதல் பரிசு ரோஜா இல்லை என்றே நினைக்கிறேன். கைப்பேசியும் ரீசார்ஜும்தான். வீட்டில் போன் தராத பெண்ணுக்கு அவன் வாங்கித்தரும் பழைய போன், அரிசிப்பானைக்குள்ளும் துணி அடுக்குக்குள்ளும் ஒளிந்திருக்கும். கூந்தலுக்குள் மறைந்த முல்லையின் இடத்தில் இப்போது அதுதான் இருக்கிறது. வெளியே விழும் நாளில் தாய் கையை உதறிக்கொண்டு போவதோடு முடிவதில்லை. இருவரும் வேறு வேறு சாதி என்றால் அந்தப் போன் உயிருக்கே உலைவைக்கலாம். இன்னொரு ஆபத்து உள்ளேயே இருக்கிறது. போன் வாங்கித் தந்தவன், ஏன் எடுக்கவில்லை, யாரோடு பேசிக்கொண்டிருந்தாய் என்று கேட்கும் உரிமையையும் சேர்த்தே வாங்கிவிட்டதாக நினைக்கிறான்.

மறுப்பு என்ற துறை நம் காலத்தில் தேய்ந்துபோனது இங்கேதான் உறைக்கிறது. பெண் வேண்டாம் என்றால் இன்னும் பெரிய பரிசோடு வா என்றுதான் தமிழ் சினிமா பல தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தது. அதில் மறுப்பு ஒரு தடை, தாண்டவேண்டியது. தோழி பதில் சொன்னாள், தலைவன் கேட்டுக்கொண்டு போனான் என்று கதாநாயகனுக்கு யாரும் காட்சி எழுதவில்லை. உனக்காக எவ்வளவு செலவு செய்தேன் தெரியுமா என்ற வசனம், காதல் முறிந்த பிறகு காவல் நிலையப் படிக்கட்டுவரை வருகிறது. அந்த வசனத்தைச் சொல்பவன், தான் கொடுத்தது பரிசே இல்லை, முன்பணம் என்று தானே ஒப்புக்கொள்கிறான்.

முன்பெல்லாம் அந்த வசனத்துக்குக் கணக்கு கிடையாது. மோதிரத்தைத் திருப்பிக் கேட்கலாம், கடிதத்தைக் கேட்கலாம், கூட உட்கார்ந்து சாப்பிட்ட பரோட்டாவை யாரும் கேட்டதில்லை. இப்போது பூவும் பரோட்டாவும் சினிமாச் சீட்டும் ஜிபேயில் தேதியோடும் தொகையோடும் பதிந்திருக்கின்றன. பிரிந்தபின் அந்தப் பட்டியலைப் படமெடுத்து அனுப்பி, பாதியையாவது திருப்பிக்கொடு என்று கேட்கிறவர்கள் உண்டு. அதைப் பார்த்து, பைசா பாக்கியில்லாமல் அதே செயலியில் அனுப்பிவிட்டு எண்ணைத் தடைசெய்யும் பெண்களும் உண்டு.